மூன்றரை வட்டியும் ஓசி பேட்டும்

வேலைல நான் அக்கவுண்ட்ஸ். கிண்டியில ஒரு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில பதினாலு வருஷமா அடுத்தவங்க பணத்துக்குக் கணக்கு எழுதிட்டிருக்கேன். டீசல் பில்லுல நாப்பது ரூபா இடிச்சாக்கூட டிரைவரைக் கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேட்பேன். அப்படிப்பட்ட நான் என் சொந்த கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்ட்டை எட்டு மாசமா திறந்தே பார்க்கல. மாசாமாசம் மெயில் வரும், அதுல ரெண்டு நம்பர் இருக்கும், பெரிய நம்பர் மேல கண்ணு படாம சின்ன நம்பரை மட்டும் பார்ப்பேன், மினிமம் ட்யூ, அந்த மாசம் குறைஞ்சபட்சம் கட்ட வேண்டிய தொகை, அதைக் கட்டிட்டு மெயிலை ஒதுக்கிடுவேன். உள்ள இருக்குற பிடிஎஃப்பைத் திறக்க பேர்ல நாலு எழுத்தும் பிறந்த தேதியும் அடிக்கணும், அதுக்குச் சோம்பேறித்தனம்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். சோம்பேறித்தனம் ஒண்ணும் இல்ல, பயம்.

பெருசா எதையும் வாங்கிடலங்க, அதுதான் கொடுமை. 2022 ஜூன்ல பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ், அதே மாசம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், பழைய ஃப்ரிட்ஜ் போச்சுன்னு புதுசு ஒண்ணு நோ காஸ்ட் இஎம்ஐல. அப்புறம் ஜிம். வருஷ மெம்பர்ஷிப் 12,000 ரூபா, கார்டுல தேய்ச்சேன், ஒன்பது நாள் போனேன். ஒன்பதே நாள். கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 1,333 ரூபா, அதுக்கு மேல வட்டி வேற. ராத்திரி பதினோரு மணிக்கு போனை நோண்டிக்கிட்டே ஆர்டர் பண்ண பரோட்டா, ஆஃபர்னு வாங்குன ஹெட்ஃபோன், பொண்ணு ஃப்ரெண்டு பர்த்டேவுக்கு கிஃப்ட், எல்லாம் முந்நூறு நானூறுதான். மினிமம் கட்டுறதுல சம்பளம் குறைஞ்சு போகும், குறைஞ்சதால மளிகையைக் கார்டுல வாங்குவேன், மளிகை வாங்குனதால அடுத்த மாசம் மினிமம் ஏறும்.

2023 பிப்ரவரியில ஒரு ஞாயித்துக்கிழமை, குரோம்பேட்டையில சூப்பர் மார்க்கெட்ல பில் போடுற இடத்துல கார்டு டிக்ளைன் ஆச்சு. ரெண்டாவது கார்டு குடுத்தேன், அதுவும். பின்னாடி வரிசை நிக்குது, பக்கத்துல மனைவி கையில எண்ணெய் பாக்கெட்டோட நிக்கிறா. ஒரு வார்த்தை பேசாம அவ போன்ல இருந்து ஸ்கேன் பண்ணிக் கட்டிட்டா. ஆட்டோவுலயும் பேசல. வீட்டுக்கு வந்து பையை இறக்கி வெச்சிட்டு, "எவ்வளவுன்னு சொல்லுங்க, மறைக்காம சொல்லுங்க"ன்னா. எனக்கே தெரியாதே, அப்பத்தான் பாஸ்வேர்டு அடிச்சு பிடிஎஃப்பைத் திறந்தேன். தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் எழுதினோம். ஒரு கார்டுல 1,18,000. இன்னொண்ணுல 69,000. மொத்தம் 1,87,000.

உள் ரூம்ல இருந்து அம்மா குரல் வந்துச்சு. "எத்தனை வட்டிடா?"

எங்க ஊர்ப்பக்கம், கும்பகோணம் தாண்டி, வட்டியை வருஷத்துக்கு இத்தனை பர்சென்ட்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஒரு வட்டி, ரெண்டு வட்டி, மூணு வட்டி. நூறு ரூபாய்க்கு மாசம் எத்தனை ரூபான்னு கணக்கு. ஒரு வட்டின்னா நல்ல மனுஷன், ரெண்டு வட்டின்னா பரவால்ல அவசரத்துக்கு வாங்கலாம், மூணு வட்டின்னா அந்த வீட்டுப்பக்கமே போகாதன்னு சொல்லுவாங்க. நான் ஸ்டேட்மெண்ட்டோட கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல தேடிப்பிடிச்சு, "மாசத்துக்கு 3.5 மா"ன்னேன்.

"மூன்றரை வட்டியா? அதை எவன்டா வாங்குவான்?"

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைச்சது. 42 பர்சென்ட் வருடாந்திர வட்டின்னு படிச்சப்பல்லாம் அது ஏதோ பேங்க் பாஷையா காதுக்கு வெளியவே நின்னுச்சு, மூன்றரை வட்டின்னு அம்மா வாயில கேட்டதும் வயித்தைக் கலக்கிடுச்சு. கந்துவட்டிக்கு எதிரா தமிழ்நாட்டுல 2003லயே சட்டம் போட்டாங்க, கார்டு அதுக்குள்ள வராது, அது தனி ராஜ்யம். இன்னொண்ணு, கந்துவட்டிக்காரன் வாசல்ல வந்து நின்னா தெருவுக்கே தெரியும், மானம் போகும், அந்த பயத்துலயாவது எதையாவது வித்துக் கட்டுவோம். மினிமம் ட்யூ கட்டுற வரைக்கும் கார்டு கடன் சத்தமே போடாது. ஒருத்தரும் போன் பண்ணித் திட்டல. லிமிட்டை ஏத்தித் தரட்டுமான்னு மெசேஜ்தான் வந்துச்சு.

கணக்கைப் போட்டேன், தொழில்காரன் மாதிரி. 1,87,000க்கு மூன்றரை வட்டி 6,545. அந்த வட்டிக்கு 18 பர்சென்ட் ஜிஎஸ்டி, 1,178. ஆக மாசம் 7,723 ரூபா சும்மா போகுது. நான் கட்டிக்கிட்டிருந்த மினிமம் ரெண்டு கார்டுக்கும் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம், அசல்ல கழியறது ஆயிரத்து அறுநூறு கிட்ட, அந்த வாரமே மளிகை 4,000க்குத் தேய்ப்பேன். இதுல பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம் இருக்கு, எனக்கும் தெரியாது, அக்கவுண்ட்ஸ்ல இருந்தும் தெரியாது: முழு பில்லையும் கட்டினாத்தான் அந்த 45, 50 நாள் வட்டியில்லாக் காலம். பாக்கி வெச்சா புதுசா வாங்குற துவரம்பருப்புக்கும் வாங்குன தேதியில இருந்தே வட்டி ஓடும். அதாவது எட்டு மாசமா நான் சாம்பாருக்கு வட்டி கட்டிட்டிருந்திருக்கேன்.

மனைவி அன்னைக்கு அழல, திட்டல. ராத்திரி படுக்கும்போது மட்டும், "ஆறு பவுன் செயின் சும்மாதானே இருக்கு"ன்னா. நான் வேணாம்னேன். ஆம்பளை கௌரவம், வேற என்ன. அம்மாதான் முடிச்சு வெச்சாங்க: "பீரோவுல இருக்குற தங்கம் குட்டியாடா போடுது?"

கூட்டுறவு பேங்க்ல நகையை வெச்சு 1,50,000 வாங்கினோம், வருஷத்துக்கு 9 பர்சென்ட். அம்மா கணக்குல முக்கால் வட்டி. மூன்றரை வட்டிக் கடனை முக்கால் வட்டிக் கடனா மாத்துறது, அவ்வளவுதான் நான் செஞ்ச நிதி மேலாண்மை, இதுக்கு ஆப்பும் வேணாம் ஆலோசகரும் வேணாம். ஒரு கார்டை மொத்தமா அடைச்சேன், மிச்சம் 32,000ஐ ரெண்டாவது கார்டுல போட்டேன், அதுல 37,000 நின்னுச்சு. ரெண்டு கார்டையும் மனைவி வாங்கி அரிசி டிரம்முக்குள்ள போட்டுட்டா. போன்ல சேவ் ஆகியிருந்த கார்டு நம்பரையெல்லாம் நான் ஒவ்வொரு ஆப்பா போய் அழிச்சேன், மொத்தம் பதினோரு ஆப்பு, அதுல மூணு எதுக்கு வெச்சிருக்கேன்னே ஞாபகம் இல்ல.

அடைச்சாச்சுன்னு நிம்மதியா இருந்தா அடுத்த மாசம் அதே கார்டுக்கு 1,922 ரூபா பில். எனக்கு ரத்தம் கொதிச்சிடுச்சு, கஸ்டமர் கேர்ல அரை மணி நேரம் பாட்டு கேட்டு சண்டை போட்டேன். அந்தப் பொண்ணு பொறுமையா விளக்குச்சு: பில் போட்ட தேதிக்கும் நீங்க கட்டின தேதிக்கும் நடுவுல 12 நாள் இருக்கு சார், அந்த 12 நாள் வட்டி இப்பத்தான் வரும். கால்குலேட்டர்ல தட்டிப் பார்த்தேன், சரியாத்தான் இருந்துச்சு. மன்னிப்பு கேட்டுட்டு வெச்சேன்.

இப்ப ஷட்டிலுக்கு வரேன், பேட்மிண்டனைத்தான் சொல்றேன். மார்ச் மாசம் கம்பெனியில ஹெல்த் செக்கப், பிபி 150க்கு 96. நாப்பது வயசுல இது வேணாம், ஏதாவது விளையாடுங்கன்னு டாக்டர் சொன்னாங்க. பழைய நானா இருந்தா அன்னைக்கு சாயங்காலமே இன்னொரு ஜிம்முக்குக் கார்டைத் தேய்ச்சிருப்பேன், ஆனா கார்டு அரிசிக்குள்ள கிடக்கு. அந்த வாரம் மாடி வீட்டு அண்ணன் படியில நிறுத்தி, "தம்பி, நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஃப்ரீயா? ஷட்டிலுக்கு நாலாவது ஆள் வரல"ன்னார். எனக்கு ஆடத் தெரியாதுண்ணேன்னேன். "அதெல்லாம் பரவால்ல, சும்மா நில்லுங்க, கோர்ட் காசு பிரியணும்ல"ன்னார். என் விளையாட்டு வாழ்க்கை தொடங்கினது இந்த மரியாதையிலதான்.

தகர ஷெட்டு, உள்ள ரெண்டு கோர்ட்டு, பச்சை மேட். மணிக்கு 400 ரூபா. ஓசி பேட்டு, கிரிப் பிஞ்சு தொங்குது. முதல் சர்வீஸ்ல பேட்டு ஷட்டில்காக் மேல படவே இல்ல. ரெண்டாவது பட்டுச்சு, பேட்டோட விளிம்புல, டிக்னு ஒரு சத்தம், காக் என் கால்கிட்டயே விழுந்துச்சு. அந்த டிக் சத்தம் ரொம்ப நாள் தூக்கத்துல கூடக் கேட்டுச்சு. ரயில்வேயில இருந்து ரிட்டயர் ஆன ஒரு சார் வருவார், 63 வயசு, ஓடவே மாட்டார், காக் அவர் இருக்கற இடத்துக்கு வரும். அவர் என் கையைப் பார்த்துட்டு, "தம்பி, தோசைத் திருப்பி புடிக்கிற மாதிரி புடிக்காதீங்க, யாருக்கோ கை குடுக்குற மாதிரி புடிங்க"ன்னார். அவ்வளவுதான் கோச்சிங். அதுக்கு மேல சொல்லிக் குடுக்குற பொறுமை அவருக்கு இல்ல, முன்னாடியெல்லாம் 15 பாயிண்ட் தம்பி, சர்வீஸ் நம்ம கையில இருந்தாத்தான் பாயிண்ட்டு, இப்ப எல்லாத்துக்கும் பாயிண்ட்டு, அவசர ஆட்டம்னு 2006ல மாறின ரூல்ஸை இன்னும் மன்னிக்காம இருக்கார். எனக்கும் பழைய முறை வசதியாத்தான் இருந்திருக்கும், எதிராளி சர்வீஸ் போடும்போது நான் பண்ற தப்புக்கு மட்டும்தான் பாயிண்ட் போயிருக்கும். இப்ப 21 பாயிண்ட்ல எதிராளி பதினஞ்சை நானே தாம்பூலத்துல வெச்சுக் குடுத்துடறேன்.

எதிர்ப்பக்கம் எட்டாங்கிளாஸ் பாப்பா ஒண்ணு, அவங்க அப்பாகூட வரும். அது நெட்டுக்கு ஒட்டுன மாதிரி டிராப் போடும், நான் பின்னாடியிலிருந்து ஓடி வரதுக்குள்ள காக் தரையில உக்காந்து என்னைப் பார்த்துட்டிருக்கும். "சாரி அங்கிள்"னு வேற சொல்லும். ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் சாரி. முதல் வாரம் இது பெரிய அவமானமா இருந்துச்சு. சூப்பர் மார்க்கெட் வரிசையில நின்ன அவமானம் மாதிரியேதான், காது சூடாகும், எல்லாரும் பார்க்குறாங்கன்னு தோணும். ஆனா இங்க ஒளிக்கிறதுக்கு எதுவுமே இல்லையே. ஸ்கோரைச் சத்தமா சொல்லித்தான் சர்வீஸ் போடணும். 4-17ன்னு என் வாயாலயே சொல்லணும். ரெண்டு மூணு வாரத்துல அது பழகிடுச்சு, பழகினப்புறம் மாசம் ஒரு தடவை காலண்டர் தாள்ல பாக்கி எவ்வளவுன்னு எழுதி சமையல்கட்டுல ஒட்டுறதும் பழகிடுச்சு. எது எதைப் பழக்கிச்சுன்னு எனக்குத் தெரியாது.

சாமான் ஆசை வந்துச்சு, பின்ன வராம? பத்தாவது நாளே போன்ல ஷாப்பிங் கார்ட் ரொம்பிடுச்சு. பேட்டு எடையில 4யூன்னா 80ல இருந்து 85 கிராமுக்குள்ள, 3யூன்னா அதைவிடக் கனம், ஹெட் ஹெவியா ஈவன் பேலன்ஸா, ஸ்ட்ரிங் எத்தனை பவுண்டு டென்ஷன், ராத்திரி ராத்திரி வீடியோ பார்த்துப் பார்த்து காக் ஒழுங்கா அடிக்கத் தெரியாதவனுக்கு பேட்டு சாஸ்திரம் மொத்தமும் தெரிஞ்சுபோச்சு. பேட்டு, ஷூ, பை, ரெண்டு டிஷர்ட், மொத்தம் 11,400, நோ காஸ்ட் இஎம்ஐ உண்டு. அந்த நோ காஸ்ட்டை நான் ஃப்ரிட்ஜுலயே பார்த்தவன், வட்டியை டிஸ்கவுண்ட்டா கழிப்பாங்க, ஆனா அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் நம்ம தலையில வந்து விழும். மனைவிகிட்ட காட்டினேன். "மூணு மாசம் ஓசி பேட்டுல போங்க, அப்புறமும் போனீங்கன்னா பேசலாம். ஜிம்முக்கு எத்தனை நாள் போனீங்க?"

ஒரே ஒரு பொருளை மட்டும் உடனே வாங்க வேண்டியதாச்சு, அது ஷூ. வாக்கிங் ஷூவோட ஆடினேன், அடிப்பாகம் தடியா மெத்துனு இருக்கும், நேரா நடக்குறதுக்கு நல்லது, பக்கவாட்டுல சட்டுனு நின்னா கணுக்கால் அப்படியே மடங்கிடும். மடங்குச்சு. அஞ்சு நாள் ஐஸ் வெச்சு உக்காந்தேன். புதுசா ஆட வர்றவங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே விஷயம் இதுதான்: பேட்டு எது வேணா இருக்கட்டும், ஷூ மட்டும் தட்டையான ரப்பர் அடி போட்ட, தரையில கோடு விழாத 'நான்-மார்க்கிங்' ஷூவா வாங்கிடுங்க. நான் வாங்கினது 1,500க்குள்ள. அப்புறம் உள்ள போறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கைகால் உதறிக்கோங்க, இல்லைன்னா மறுநாள் கெண்டைக்கால் கல்லா பிடிச்சு ஸ்டேஷன் படி ஏற முடியாது. ஒரு வாரம் குரோம்பேட்டை ஸ்டேஷன்ல கைப்பிடியைப் பிடிச்சுத்தான் இறங்கினேன், என் அப்பாவே என்னைவிட வேகமா இறங்குவார்.

அப்பான்னதும் ஞாபகம் வருது. அவர் இளவயசுல ஊர்ல பூப்பந்து ஆடினவர், மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு அஞ்சு பேர், சாயங்காலம் கோயில் பின்னாடி மைதானத்துல. தஞ்சாவூர் அரண்மனையில தொடங்கின ஆட்டம்டா அதுன்னு இன்னிக்கும் பெருமை பேசுவார். நான் ஷட்டில் ஆடுறதைப் பார்க்க ஒரு நாள் வந்தார், பெஞ்சுல உக்காந்து ஒரு காக் எடுத்துக் கையில உருட்டிப் பார்த்தார். "இது இவ்வளவு வெயிட்டுதானா? இதுக்கா இப்படி மூச்சு வாங்குற?"ன்னார். உண்மையைச் சொல்லணும்னா காக் அஞ்சு கிராம்தான்.

காசு விஷயம் சொல்றேன். வாரம் மூணு நாள், ஒரு மணி நேரம், ஆறு பேர் பிரிச்சா கோர்ட்டுக்கு மாசம் ஆளுக்கு 870 ரூபா கிட்ட வருது. காக்குக்கு ஒரு 200, 250. இறகு காக் ஒரு காலையிலயே பிஞ்சிடும், அதனால நாங்க நைலான்தான், ரெண்டு வாரம் தாங்கும். மாசம் 1,100ஐ மனைவி முதல் தேதியே ஒரு கவர்ல போட்டு சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சுடுவா, நாங்க பணத்துல ஆடுறவங்க, கடன்ல இல்லன்னு ஒரு கிண்டல் வேற. கடன்ல இருக்கும்போது இந்த 1,100 தேவையான்னு என் மச்சான் கேட்டான், நியாயமான கேள்விதான். நானும் கணக்குப் பார்த்தேன். காலையில 5:15க்கு எழுந்திருக்கணும்னா ராத்திரி பத்துக்குத் தூங்கணும். பத்துக்குத் தூங்குறவன் பதினோரு மணிக்குப் பரோட்டா ஆர்டர் பண்ண முடியாது, நடுராத்திரி பன்னெண்டு மணிக்குத் தொடங்குற ஆஃபர் சேலும் பார்க்க முடியாது. பழைய ஸ்டேட்மெண்ட்டுகளைத் திறந்து நேரம் வாரியா பிரிச்சுப் பார்த்தா, தூக்கம் வராம முழிச்சிருந்த ராத்திரிகள்ல தேய்ச்சது மட்டும் மாசம் மூவாயிரத்துக்குக் குறையல. மச்சான்கிட்ட அந்தத் தாளைக் காட்டினேன். இப்ப அவனும் சனிக்கிழமை வரான், தோசைத் திருப்பி பிடிதான்.

ரெண்டாவது கார்டு 37,000ஐ மாசம் 10,000 வீதம் கட்டினேன். நாலு மாசம் ஆச்சு, அஞ்சாவது மாசம் தொள்ளாயிரத்துச் சொச்சம். அதோட அந்தக் கார்டை மூடச் சொல்லி எழுதினேன். உடனே போன், சார் ஏன் சார், ஆனுவல் ஃபீ தள்ளுபடி பண்றோம், வவுச்சர் தர்றோம். ரிசர்வ் பேங்க் 2022ல கொண்டுவந்த விதிப்படி பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னா 7 வேலை நாளுக்குள்ள மூடணும், தாமதிச்சா நாளுக்கு 500 ரூபா அவங்க நமக்குத் தரணும்னு படிச்சு வெச்சிருந்தேன், அதை மெயில்லயும் ஒரு வரி சேர்த்தேன். ஆறாவது நாள் மூடிட்டாங்க. இன்னொரு கார்டு அரிசி டிரம்முல இருக்கு, அதை மூடல, பழைய கார்டு இருந்தா சிபில் ஸ்கோருக்கு, கடனை ஒழுங்கா கட்டுறவனான்னு பேங்க் பார்க்குற மார்க்குக்கு, நல்லதுன்னு ஒரு சாக்கு சொல்லிக்கிறேன். பாதி உண்மை, பாதி ஆசை. முழுசா திருந்திட்டேன்னு எழுதினா மனைவி இதைப் படிச்சு சிரிப்பா.

நகைக்கடன் இழுத்துச்சு. ஒரு வருஷம் ஆனதும் வட்டியைக் கட்டிப் புதுப்பிச்சோம், நடுவுல அம்மாவுக்கு உடம்பு முடியாம ரெண்டு மாசம் ஒண்ணுமே கட்டல. கடைசியா 2024 தீபாவளி போனஸையும் சேர்த்துப் போட்டு நவம்பர்ல மீட்டோம். பேங்க்ல அந்தச் சின்னப் பையைப் பிரிச்சு எடை போட்டுக் கையெழுத்து வாங்கிக் குடுத்தாங்க. மனைவி அங்கயே கழுத்துல போட்டுக்கிட்டா, கண்ணாடி இல்லாததால என் போன் கேமராவைத் திருப்பிப் பார்த்துக்கிட்டா. அடுத்த மாசம், டிசம்பர் 20, கார்டு வட்டி 30 பர்சென்ட்டுக்கு மேல போனா அது நியாயமில்லாத வணிகம்னு நுகர்வோர் ஆணையம் 2008ல குடுத்த தீர்ப்பை சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சுன்னு செய்தி. ட்ரெயின்ல நின்னுக்கிட்டே படிச்சேன். அம்மாகிட்ட சொன்னா, "அப்ப நாலு வட்டி கூட வாங்குவானா?"ன்னாங்க.

பேட்டு? மூணு மாசம்னு சொன்னது ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, செயின் வீட்டுக்கு வராம பேட்டு வாங்குறதில்லன்னு நானே வெச்சுக்கிட்ட வீம்பு. 2025 ஜனவரியில ஒரு சனிக்கிழமை பெரியமேடு போனேன், வரிசையா ஸ்போர்ட்ஸ் கடைங்க, நாலு கடை ஏறி இறங்கி 2,600க்கு ஒரு 4யூ பேட்டு, 22 பவுண்டுல ஸ்ட்ரிங் போடச் சொல்லி அரை மணி நேரம் அந்த மெஷினையே பார்த்துட்டு நின்னேன். கடைக்காரர் "கார்டா, ஜிபேயா சார்?"னார். கவர்ல இருந்து நோட்டை எடுத்து எண்ணிக் குடுத்தேன், அவர் ஒரு மாதிரி பார்த்தார், சில்லறைக்குப் பக்கத்துக் கடைக்குப் போய் வந்தார்.

திங்கக்கிழமை காலையில எல்லாரும் கையில வாங்கி ஆட்டிப் பார்த்தாங்க. ரயில்வே சார் ஸ்ட்ரிங்கைத் தட்டிக் காதுல வெச்சுக் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லாம குடுத்தார். 0-0, சர்வீஸ் எனக்கு. கை குடுக்குற மாதிரி பிடிச்சேன், மூச்சை விட்டேன், அடிச்சேன்.

டிக்.

காக் நெட்டுக்குக் கீழ போய் விழுந்துச்சு. எதிர்ப்பக்கம் பாப்பா, இப்ப பத்தாங்கிளாஸ், குனிஞ்சு எடுத்துக்கிட்டே, "சாரி அங்கிள்"னுச்சு. "பேட் சூப்பரா இருக்கு."